அளவு நாடா

அலுவலகத்தில் அவருக்கென்று ஒரு நாற்காலி வர
எட்டு நாளாயிற்று.
அதுவரை ஜன்னலோரம் நின்றபடியே
கோப்புகளில் கையெழுத்திட்டார்
மரகதம் தேவசகாயம், தொழிற்சாலை ஆய்வாளர்.
அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண்.
பலகை எழுதியவன் பழக்கதோஷத்தில்
'ஸ்ரீ' போட்டுப் பெயரையும் எழுதிவிட்டு
இடமில்லாமல்
'மதி'யைப் பொடியெழுத்தில் மேலே ஏற்றினான்.

நான் அங்கே தட்டச்சன்.
ரெமிங்டன் ஒன்று, கார்பன் தாள் மூன்று.
அபிப்பிராயம் எதுவும் இருந்ததில்லை அப்போது.

காட்டன்பேட்டை ஆலை வாசலில்
"யாரைப் பார்க்கணும்மா?" என்றான் காவலாளி.
"கக்கூஸை."
எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை.

கைப்பையில் தையற்காரர் நாடா ஒன்று இருக்கும்.
சுவருக்கும் இயந்திரத்துக்கும் நடுவே
ஒரு பெண்ணுக்கு விட்டது எத்தனை அங்குலம்
என்று குனிந்து அளப்பார்.
முதலாளிகள் காபி வரவழைப்பார்கள்.
"அவர்கள் குடிக்கும் தண்ணீர் எங்கே?
அதைக் கொடுங்கள்."
கொடுத்தார்கள். குடித்தார்.
ஒருமுறை டைபாய்டில் மூன்று வாரம் படுத்தார்.
எழுந்து வந்ததும்
மருத்துவச் சான்றிதழை
அந்த ஆலையின் கோப்பிலேயே கோக்கச் சொன்னார்.

பிறகுதான் அரசு அச்சகம்.

சட்டப்படி அதுவும் தொழிற்சாலை.
பைண்டிங் பிரிவில் நாற்பத்தோரு பெண்கள்
காலை எட்டிலிருந்து நின்றபடி
அரசிதழை மடித்துக்கொண்டிருந்தார்கள்.
கழிப்பறை ஒன்று. ஆண்களுடையது.
"பழகிவிட்டார்கள் மேடம்" என்றார் மேற்பார்வையாளர்,
"தண்ணீரே குடிப்பதில்லை."
நாடாவைச் சுருட்டி உள்ளே வைத்தார்.
அளக்க ஒன்றுமில்லை.

மறுநாள் அவர் சொல்லச் சொல்லத் தட்டினேன்:
மைசூர் சர்க்காருக்கு
மைசூர் சர்க்கார் அனுப்பும் நோட்டீஸ்.
விரல் தயங்கியது.
"எழுத்துப்பிழை இருந்தால் மட்டும் சொல்லுங்கள்" என்றார்.

விதான சௌதாவுக்கு வரச் சொன்னார்கள்.
செயலாளர் உட்காரச் சொல்லவில்லை.
"வலது கை இடது கைக்கு நோட்டீஸ் கொடுக்குமா?"
"இடது கை அழுக்கானால்
வலது கைதானே சார் தண்ணீர் ஊற்றுகிறது."

ஆறு மாதம் இழுத்தது.
இடமாற்றல் உத்தரவு ஒன்று
சிவமொக்கா வரை போய்த் திரும்பியது.
கடைசியில் ஒரு வியாழக்கிழமை அரசிதழில் வந்தது:
பெண்களுக்குத் தனிக் கழிப்பறை,
மடிக்கும் வேலைக்கு ஸ்டூல்.
அதையும் அந்த நாற்பத்தோரு பேர்தான்
நின்றபடி மடித்தார்கள்.
கன்னடம் எழுத்துக்கூட்டத் தெரிந்த செங்கம்மா
ஸ்டூல் என்ற சொல்லை விரலால் தொட்டாளாம்;
மை இன்னும் காயவில்லையாம்,
அன்றைக்கு முழுக்கக் கையைக் கழுவவில்லையாம்.

இரங்கல் கூட்டத்தில் எல்லோரும் இதைத்தான் சொன்னார்கள்.
நானும் கைதட்டினேன்.

யாரும் சொல்லாதது இன்னொரு கோப்பு.
ஊதுபத்தி உருட்டும் பெண்களின் பலகைக்கு அடியில்
கோணிச் சாக்கில் தூங்கும் பிள்ளைகள்,
மூக்குத் துவாரமெல்லாம் கரி.
காப்பக அறை ஒன்று கேட்டு எழுதினார்.
ஒன்பது முறை போயிற்று,
ஒன்பது முறை வந்தது.
பத்தாம் முறை,
அவர் ஓய்வு பெற்ற மறுவாரம்,
'தற்போது அவசியமில்லை' என்று முடித்தார்கள்.
தட்டியது நான்தான்.
மூன்று பிரதிகள். எழுத்துப்பிழை இல்லை.

நாடா என் மேசை அறையில் கிடந்தது.
விட்டுப்போனாரா, மறந்துபோனாரா, தெரியாது.
பெருவிரல் பட்டுப் பட்டு
முதல் பத்து அங்குலத்தின் எண்கள் அழிந்திருந்தன.

ஒருநாள் எல்லோரும் போனபிறகு
விளக்கைப் போட்டுக்கொண்டு மண்டியிட்டு
பதினொன்றிலிருந்து எண்ணி
என் மேசைக்கு அடியில் அளந்தேன்.

நாற்பத்திரண்டு அங்குலம் இருந்தது.
ஒரு குழந்தை கால் நீட்டிப் படுக்க
இருபத்தெட்டு போதும்.